போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி பந்தைக் கையில குடுங்க

போன இதழ்ல, பசங்களோட உடம்பு, ஸ்கிரீன் இது ரெண்டைப் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "போனை எப்படி சார் நிறுத்தறது". 30 வருஷத்துக்கு மேல உடற்கல்வி ஆசிரியரா பசங்களோடவே மைதானத்துல நின்னவன் நான், அதனால பார்த்ததையும் பெரிய மருத்துவ அமைப்புங்க சொல்லி வச்சிருக்கறதையும் சேர்த்தே எழுதறேன். வைத்தியம் தேவைப்படற விஷயம்னா உங்க டாக்டர்கிட்ட போயிடுங்க.

சார், என் பையனுக்கு 8 வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் டேப்லெட்டை எடுத்தான்னா தூங்கற வரைக்கும் அதேதான். பிடுங்கினா கத்தறான், கையில கிடைச்சதைத் தூக்கிப் போடறான். எத்தனை மணி நேரம் விடலாம்னு ஒரே ஒரு கணக்கு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட மாட்டேன்.
– ஒரு அம்மா

கணக்கு இருக்கும்மா, சொல்லிடறேன். கனடாவுல 2016-ல 5 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்குமான பசங்களுக்கு ஒரு நாளோட 24 மணி நேரத்தையும் சேர்த்து ஒரு வழிகாட்டி போட்டாங்க. பொழுதுபோக்குக்குப் பாக்கற ஸ்கிரீன் 2 மணி நேரத்துக்குள்ள, மூச்சு வாங்கற மாதிரி ஓடி ஆடறது குறைஞ்சது 60 நிமிஷம், தூக்கம் உங்க பையன் வயசுக்கு 9லேர்ந்து 11 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல கொடுத்ததுலயும் அதே 60 நிமிஷம் சராசரியா இருக்கு, ஸ்கிரீனுக்கு மட்டும் நிமிஷக் கணக்கு போடாம குறைச்சுக்கோங்கன்னு விட்டுட்டாங்க.

அந்த கனடா கணக்குல எனக்குப் பிடிச்சது 2 மணி நேரம்ங்கற நம்பர் இல்ல, ஸ்கிரீன், ஓட்டம், தூக்கம் மூணையும் ஒரே தட்டுல வச்சுப் பார்த்தாங்க பாருங்க, அதுதான். நீங்களே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. தூக்கம் 10 மணி நேரம், ஸ்கூலும் போக வரவும் 8, குளிக்க சாப்பிட வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து 3ன்னு வைங்க, மிச்சம் 3 மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துக்கும் வீட்டுல யாரும் எதுவும் யோசிச்சு வைக்கல, அதனாலதான் டேப்லெட் வந்து உக்காந்துக்குது. இதுல ஒண்ணரை மணி நேரம் வெளியில விளையாடப் போயிட்டான்னா மிச்சம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க. சண்டையே போடாம பாதி குறைஞ்சாச்சு.

அதனால நான் எல்லா அப்பா அம்மாகிட்டயும் சொல்றது, கழிக்கறதுல ஆரம்பிக்காதீங்க, கூட்டறதுல ஆரம்பிங்க. ஸ்கூல் விட்டு வந்தவன் ஷூவைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஏதாவது சாப்பிடக் குடுத்து அப்படியே வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க, டேப்லெட் கைக்கு வந்தப்புறம் கூப்பிட்டா வரவே மாட்டான். ஏன்னா அந்த ஆப்ல எல்லாம் "முடிஞ்சுது"ன்னு ஒரு இடமே கிடையாது, ஒரு வீடியோ முடியறதுக்குள்ள அடுத்தது தானா ஓட ஆரம்பிச்சிடும், பெரியவங்களாலயே நிறுத்த முடியல, 8 வயசுக் குழந்தை என்ன பண்ணும். முதல் ரெண்டு வாரம் நீங்களோ அவங்க அப்பாவோ கூடவே போய் பந்து போடணும். போய் விளையாடுன்னு வாசல்ல நின்னு சொன்னா வேலைக்கு ஆகாது, இது நான் நூறு வீட்டுல பார்த்தது.

கத்தறான்னு எழுதியிருக்கீங்களே, எந்த நேரத்துல பிடுங்கறீங்கன்னு கொஞ்சம் கவனிங்க. மைதானத்துலயும் கோல் போடப் போற நேரத்துல நான் விசில் அடிச்சா பசங்க கத்தத்தான் செய்வாங்க. இந்த ரவுண்டு முடிஞ்சதும் வைக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டு, முடியறப்போ பக்கத்துல போய் நின்னு, அவனையே ஆஃப் பண்ண சொல்லுங்க. தானா அடுத்த வீடியோ ஓடற செட்டிங்கையும் ஆஃப் பண்ணி வச்சிடுங்க. முதல் வாரம் கத்தல் கூடத்தான் செய்யும், அதுக்குப் பயந்து திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா கத்தினா கிடைக்கும்னு கத்துக்குவான்.

அந்த 60 நிமிஷமும் ஒரே மூச்சுல வேணும்னு இல்ல, காலையில 15 ஸ்கூல்ல 20ன்னு துண்டு துண்டா சேர்ந்தாலும் சரி. போதுமான அளவு ஓடறானான்னு பார்க்க வாட்ச் எதுவும் வேண்டாம், ஓடிட்டே பேச முடியுது ஆனா பாட முடியலன்னா மிதமான உழைப்பு, ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேசவே மூச்சு வாங்குதுன்னா கடுமையான உழைப்பு, அவ்வளவுதான்.

என் பொண்ணுக்கு ரெண்டரை வயசு. மொபைல்ல வீடியோ போட்டாத்தான் வாயைத் திறக்கறா. வீடியோ இல்லன்னா ஒரு வாய் கூட உள்ள போகல. இந்த வயசுல எவ்வளவு பார்க்கலாம்?
– ஒரு அப்பா

உலக சுகாதார நிறுவனம் 2019-ல 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்குன்னே தனியா சொல்லியிருக்கு. 2 வயசு ஆகற வரைக்கும் ஸ்கிரீனே வேண்டாம், 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள்ள, அதையும் குறைச்சா இன்னும் நல்லது. அதே வழிகாட்டியில இன்னொண்ணும் இருக்கு, யாரும் அதைப் பேசறதே இல்ல. இந்த வயசுக் குழந்தை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது நடக்கணும், ஏறணும், குதிக்கணும், உருளணும். மூணு மணி நேரம்! ஸ்ட்ரோலர்லயோ சேர்லயோ கட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல வைக்கக் கூடாதுன்னும் இருக்கு.

வீடியோ பார்த்துட்டே சாப்பிடற குழந்தை வாய்க்கு வர்றதை முழுங்குது, பசிச்சுதா வயிறு நிறைஞ்சுதான்னு அதுக்கே தெரியறதில்ல. இன்னைக்கு ரெண்டு வாய் கூடப் போகுதேன்னு நமக்கு சந்தோஷமா இருக்கும், ஆனா போதும்னு உடம்பு சொல்றதைக் கேக்கற பழக்கம் போயிடுது, வளர்ந்தப்புறம் எடை ஏறறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மூணு வேளையையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கோங்க, அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளயே துரத்திப் பிடிச்சு விளையாடுங்க, அப்புறம் நீங்களும் தட்டோட பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, குழந்தை கையாலயே எடுக்கட்டும், சிந்தட்டும். 20 நிமிஷம் ஆச்சா, தட்டை எடுத்துடுங்க, கெஞ்ச வேண்டாம். நல்லா இருக்கற குழந்தை ஒரு வேளை கம்மியா சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது. எடை குறையுதுன்னு தெரிஞ்சா மட்டும் டாக்டரைப் பாருங்க.

அழுகையை நிறுத்தறதுக்கு போன் குடுக்கறதையும் இதோட சேர்த்து குறைங்க. 3லேர்ந்து 5 வயசுக் குழந்தைகளை வச்சு 2022-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சமாதானப்படுத்த அடிக்கடி மொபைல் குடுத்த குழந்தைகள்கிட்ட, முக்கியமா ஆண் குழந்தைகள்கிட்ட, பின்னாடி உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகமா இருந்துச்சுன்னு பார்த்திருக்காங்க. அழுது, தானா அடங்கக் கத்துக்கறதும் குழந்தைக்கு ஒரு பயிற்சிதான்.

பேரனுக்கு 11 வயசு. போன வருஷம் கண்ணாடி போட்டாங்க, இந்த வருஷம் பவர் ஏறிடுச்சு. எல்லாம் அந்த போனாலதான்னு நான் சொல்றேன், என் மகன் நம்ப மாட்டேங்கறான். யார் சொல்றது சரி?
– ஒரு தாத்தா

ஐயா, உங்க கவலை நியாயம்தான், ஆனா இதுல போனை மட்டும் குத்தவாளியா நிறுத்த முடியாது. கிட்டப்பார்வை வர்றதுக்கு பரம்பரை ஒரு காரணம், புஸ்தகமோ போனோ எதுவா இருந்தாலும் ரொம்ப பக்கத்துல வச்சு மணிக்கணக்கா பாக்கறது ஒரு காரணம், வெளிச்சத்துல இல்லாம போறது இன்னொரு காரணம். இந்த மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியமாப் படுது, ஏன்னா நம்ம கையில சுலபமா இருக்கறது அதுதான். வெளிச்சத்தை லக்ஸ்ங்கற அலகுல அளப்பாங்க, நல்லா லைட் போட்ட ரூம்ல சில நூறு லக்ஸ்தான் இருக்கும், பகல்ல வெளிய போனா நிழல்ல நின்னா கூட ஆயிரக்கணக்குல இருக்கும். அந்த வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமைன்ங்கற வேதிப்பொருள் சுரக்குது, அது கண் பந்து தேவைக்கு மேல நீளமா வளர்றதைத் தடுக்குதுன்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கறாங்க, கண் பந்து நீண்டு போறதுதான் கிட்டப்பார்வை.

சீனாவுல குவாங்சோ நகரத்துல 6, 7 வயசுப் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2015-ல வெளிவந்தது. 12 ஸ்கூல்ல பாதி ஸ்கூலுக்கு தினமும் 40 நிமிஷம் வெளியில ஒரு பீரியட் கூடுதலா வச்சாங்க, லீவு நாள்லயும் வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு அப்பா அம்மாகிட்டயும் சொன்னாங்க. 3 வருஷம் கழிச்சுப் பார்த்தா வழக்கம்போல இருந்த ஸ்கூல்ல 39.5 சதவீதம் பேருக்கு கிட்டப்பார்வை வந்திருந்துச்சு, வெளிய போன ஸ்கூல்ல 30.4 சதவீதம். வெறும் 40 நிமிஷம் ஐயா! தைவான்ல 2010லேர்ந்தே தினமும் 120 நிமிஷம் வெளியிலன்னு ஒரு திட்டமா நடத்தறாங்க.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன், வெளிச்சம் கிட்டப்பார்வை வராம தடுக்கறதுலதான் நல்லா வேலை செய்யுது, ஏற்கனவே வந்தவங்களுக்கு பவர் ஏறறதை நிறுத்தறதுல அவ்வளவு பலன் தெரியல. அதனால உங்க பேரனைக் கண் டாக்டர்கிட்ட காட்டி, பவர் ஏறற வேகத்தைக் குறைக்க குறைந்த டோஸ் அட்ரோபின் சொட்டு மருந்து, தனி லென்ஸ் எல்லாம் இருக்கே, அது இவனுக்குத் தேவையான்னு கேளுங்க. போனைத் தள்ளி வச்சுப் பாக்க சொல்லுங்க, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்துல பார்வையைப் போட சொல்லுங்க. வீட்டுல இன்னும் சின்னக் குழந்தை இருந்தா அதைக் கையைப் பிடிச்சு தினமும் வெளிய கூட்டிட்டுப் போங்க, உங்களுக்கும் நடைப்பயிற்சி ஆச்சு.

நான் 9வது படிக்கறேன் சார். எங்க பி.டி. பீரியட்ல பாதி நாள் வேற டீச்சர் வந்து போர்ஷன் முடிக்கறாங்க. மீதி நாள் ஓட விட்டா நான்தான் கடைசி, எல்லாரும் சிரிக்கறாங்க. அதனால உடம்பு சரியில்லன்னு சொல்லி உக்காந்துடுவேன். வீட்டுக்கு வந்தா ரீல்ஸ்தான். ஆனா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. நான் இனிமே சரியாக முடியுமா?
– ஒரு மாணவி

முடியும் கண்ணு. முதல்ல உன்கிட்ட ஒரு மன்னிப்பு. கடைசியா வர்ற பிள்ளையை எல்லாரும் வரிசையா நின்னு பாக்கற மாதிரி ஓட விடறது எங்க வாத்தியார் சாதியோட பழைய தப்பு. ரொம்ப வருஷம் நானும் பண்ணியிருக்கேன். ஓட வராத பிள்ளைக்குத்தான் அந்தப் பீரியட் அதிகமாத் தேவை, அந்தப் பிள்ளையையே நாங்க துரத்தி விட்டுட்டோம்.

நீ மட்டும் இப்படி இல்ல. 146 நாட்டுலேர்ந்து கிடைச்ச தகவலை வச்சு உலக சுகாதார நிறுவனம் 2019-ல வெளியிட்ட கணக்குல, 11லேர்ந்து 17 வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல 85 சதவீதம் பேர் தேவையான அளவு ஓடி ஆடறதில்ல, பசங்கள்ல 78 சதவீதம். இது 2016-ஆம் வருஷ நிலவரம். அப்போ உன் கிளாஸ்ல சிரிக்கறவங்கள்லயே பாதிக்கு மேல உன்னை மாதிரிதான் இருப்பாங்க.

இப்போ வேலைக்கு வரலாம். வாரத்துல 4 நாள், யாரும் பாக்காத இடம், மொட்டை மாடி போதும். 1 நிமிஷம் மெதுவா ஓடு, 2 நிமிஷம் நட, இதை 7 தடவை பண்ணு. மெதுவான்னா உன்னால பேச முடியற வேகம். ஓட வராதுன்னு சொல்ற பிள்ளைங்க முக்காவாசிப் பேருக்கு ஓட வரும், ஆரம்பத்துலயே ரொம்ப வேகமா ஓடி அரை நிமிஷத்துல மூச்சைத் தொலைச்சிடுவாங்க, அவ்வளவுதான் விஷயம். ரெண்டு வாரம் கழிச்சு 2 நிமிஷம் ஓடு, 2 நிமிஷம் நட. அப்புறம் ஓட்டத்தைக் கூட்டு, நடையைக் குறை. ரெண்டு மாசத்துக்குள்ள மாடிப்படியில வித்தியாசம் தெரியும், ஏன்னா இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பற ரத்தத்தோட அளவே கூடிடும்.

இதோட ஸ்கிப்பிங் கயிறு ஒண்ணு எடுத்துக்கோ, வாரத்துல 3 நாள், 10 நிமிஷம், நடுநடுவுல நின்னு நின்னு. உன் வயசுல இது ரொம்ப முக்கியம், எலும்போட பலத்துல பெரும்பகுதி இருபது வயசுக்குள்ள சேர்ந்துடும், குதிக்கறப்போ கால்ல விழற அந்த அதிர்ச்சிதான் எலும்பைக் கெட்டியாக்குது, நீச்சலும் சைக்கிளும் நல்லதுதான் ஆனா இந்த வேலையை அவ்வளவா செய்யாது. மாதவிடாய் நாள்ல ஆடக் கூடாதுன்னு யாராவது சொன்னா அப்படி ஒரு விதி இல்ல, உனக்கு முடிஞ்சா ஆடு, வலிச்சா ஓய்வு எடு. ரீல்ஸை விட சொல்ல மாட்டேன், ஓடிட்டு வந்து பாரு.

பி.டி. பீரியட் விஷயத்தை உங்க அம்மா அப்பாவை பெற்றோர் கூட்டத்துல கேக்க சொல்லு. ஒருத்தர் கேட்டா மறந்துடுவாங்க, அஞ்சு பேர் சேர்ந்து கேட்டா அந்த பீரியட் திரும்பி வரும், எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல அப்படித்தான் வந்துச்சு.

12 வயசுல தண்டால், வெயிட் எல்லாம் பண்ணா உயரம் நின்னு போயிடுமா?
– ஒரு அம்மா

நிக்காதும்மா. அது ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கற பயம், அதுக்கு ஆதாரம் இல்ல. தண்டால், புல்-அப், லேசான வெயிட் எல்லாம் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னா பண்ணலாம், வாரத்துல 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் பயிற்சி வேணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. யாரால எவ்வளவு தூக்க முடியும்னு போட்டி மட்டும் வேண்டாம்.

என் மகனுக்கு 13 வயசு. கேமிங்கும் ஸ்போர்ட்ஸ்தான், நான் ப்ரோ பிளேயர் ஆகப் போறேன்னு சொல்றான். வாயடைச்சுப் போய் நிக்கறேன். என்ன பதில் சொல்றது?
– ஒரு அப்பா

அவன் சொல்றதுல உண்மை இருக்கு, முதல்ல அதை ஒத்துக்கோங்க. 2023-ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில ஈ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே குடுத்தாங்க. ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த பேச்சை அவன் காது குடுத்துக் கேப்பான். அப்புறம் கேளுங்க, தம்பி, பெரிய டீமெல்லாம் பிளேயர்ஸுக்கு எதுக்கு ஃபிட்னஸ் கோச் வைக்கறாங்க? மணிக்கணக்கா உக்காந்தா மணிக்கட்டு வலிக்கும், முதுகு வலிக்கும், கடைசி ரவுண்டுல கவனம் சிதறும், உடம்புல தெம்பு இருக்கறவன்தான் அங்கயும் கடைசி வரைக்கும் நிப்பான். அவன் ஆசையை வச்சே அவனை ஓட வைங்க, தடை போட்டு ஓட வைக்க முடியாது.

நீங்க கவலைப்பட வேண்டிய இடம் எதுன்னும் சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல் 2022-ல நடைமுறைக்கு வந்துச்சு, அதுல கேமிங் கோளாறுன்னு ஒண்ணைச் சேர்த்திருக்காங்க. எத்தனை மணி நேரம்னு அவங்க பாக்கல. நிறுத்தணும்னு நினைச்சாலும் நிறுத்த முடியலையா, மத்த எல்லாத்தையும் விட கேமே பெருசா ஆயிடுச்சா, படிப்பும் நட்பும் கெட்டுப் போறது தெரிஞ்சும் தொடருதா, இது பொதுவா 12 மாசம் நீடிக்குதான்னு பாக்கறாங்க. அப்படி இருந்தா மனநல டாக்டர்கிட்ட போங்க. ஃப்ரெண்ட்ஸோட சிரிச்சுப் பேசறான், கூப்பிட்டா சாப்பிட வர்றான், தூங்கறான்னா பயப்பட வேண்டாம்.

15 வயசு, ஸ்கூல் டீம்ல ஆடறான். இந்த வருஷம் ஸ்பீடு குறைஞ்சிடுச்சுன்னு கோச் சொல்றார். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுது. சம்பந்தம் இருக்குமா?
– ஒரு அம்மா

நிறைய சம்பந்தம் இருக்குங்க. இந்த வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் தூங்கணும். தூக்கம் வர வைக்கற மெலடோனினை அந்த வெளிச்சம் தள்ளிப் போடுது, பாக்கற விஷயமும் மூளையை உசுப்பி விடுது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமா சுரக்கறதே ராத்திரி ஆழ்ந்த தூக்கத்துலதான், மைதானத்துல வலிச்ச தசை சரியாகறதும் அப்போதான். அவன்கிட்ட இதைச் சொல்லுங்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக கூடைப்பந்து டீம்ல 11 பேரை சில வாரம் ராத்திரி 10 மணி நேரம் படுக்கையில இருக்க வச்சாங்க, 2011-ல வெளிவந்த ஆய்வு அது. அவங்க ஸ்பிரிண்ட் நேரம் 16.2 செகண்ட்லேர்ந்து 15.5 ஆச்சு, ஃப்ரீ த்ரோ, அதாவது தடுக்க யாரும் இல்லாம நின்னு போடற பந்து, கூடையில சரியா விழறது 9 சதவீதம் கூடிடுச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா ஆடற பையனுக்கு அறிவுரையை விட இந்த மாதிரி கணக்குதான் ஏறும். வீட்டுல எல்லாரோட போனும் ராத்திரி ஹால்லதான் சார்ஜ் ஆகணும்னு வைங்க, உங்களோடதும்தான். அலாரத்துக்குத்தான் போன்னு சொன்னா ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் குடுத்துடுங்க.

அங்கிள், எனக்கு 10 வயசு. ஒரு மணி நேரம் வெளிய விளையாடினா ஒரு மணி நேரம் கேம் தருவேன்னு அப்பா டீல் போட்டிருக்கார். இது நல்ல டீலா?

நல்ல கேள்விடா செல்லம். இந்த பதிலை அப்பாவையும் படிக்க சொல்லு. சார், இந்த டீலை எடுத்துடுங்க. காய்கறி சாப்பிட்டா இனிப்பு தரேன்னு சொன்னா குழந்தைக்கு காய்கறி தண்டனையா ஆயிடும் பாருங்க, இங்க விளையாட்டு அப்படி ஆயிடுது, கேம் பரிசா ஆயிடுது. அவன் எப்போடா ஒரு மணி நேரம் முடியும்னு கடிகாரத்தைப் பார்த்துட்டே ஆடுவான். விளையாட்டு தனி, கேம் தனி, ரெண்டுக்கும் தனித்தனியா நேரம் வைங்க, ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை வாங்காதீங்க.

தம்பி, உனக்கு ஒரு வேலை தரேன். இந்த ஞாயித்துக்கிழமை அப்பாவை வெளிய இழுத்துட்டுப் போய் ஓடிப்பிடிச்சு ஆடு, போனை ரெண்டு பேரும் வீட்டுல வச்சிட்டுப் போங்க. யார் முதல்ல மூச்சு வாங்கி உக்காந்தாங்கன்னு எனக்குக் கண்டிப்பா எழுதணும்.